சிங்கப்பூரில் பஸ் டிக்கெட் காசு யாருக்குப் போகிறது? நட்டத்தை யார் தாங்குகிறார்கள்?

டவர் டிரான்சிட், எஸ்பிஎஸ் என்று கம்பெனிப் பெயர் பஸ்ஸில் இருப்பதால் அட்டையைத் தட்டும் காசும் அவர்களுக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2016க்கு முன்னால் பஸ் ஓட்டிய கம்பெனிகளுக்கு அப்படித்தான் போனது. அதனால் கூட்டம் குறைந்த தடத்தில் கூடுதல் பஸ் விட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. 2012இல் அரசாங்கமே பணம் போட்டுப் பஸ் வாங்கிக்கொடுக்க வேண்டி வந்தது.

2016இல் ஒப்பந்த முறை வந்தது. பஸ்களும் பணிமனைகளும் அரசாங்கத்தின் சொத்து. (எல்லாம் பச்சையாக மாறியதும் அதனால்தான்.) கட்டண வருமானமும் அரசாங்கத்துக்கே. பல தடங்களை ஒரே தொகுப்பாக்கி நிலப் போக்குவரத்து ஆணையம் ஏலம் விடும். எடுத்த கம்பெனிக்கு ஓட்டுவதற்கான கூலி கிடைக்கும், பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும். ஆனால் பஸ்கள் நேரத்துக்கு வராமல், மூன்று சேர்ந்தாற்போல் வந்தால் அபராதம். காத்திருப்பு குறைந்தால் ஊக்கத்தொகை. என் கணக்கில் இந்த முறையின் உயிரே இதுதான்.

சரி, துண்டு விழும் தொகை? பொது நிதியிலிருந்து வருகிறது. ரயிலும் பஸ்ஸும் சேர்த்து ஆண்டுக்கு 200 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் மானியம். சிஓஇ, அதாவது கார் வாங்குவோர் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அந்தப் பணம் நேராகப் பஸ்ஸுக்குப் போகிறது என்று சொல்வார்கள். அப்படித் தனியாக ஒதுக்குவதில்லை, அதுவும் பொது நிதியில்தான் சேர்கிறது.

புதிய தடங்களுக்காக 2024இல் அறிவித்த திட்டம் வேறு: எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை. தெங்கா மாதிரிப் புதுப்பேட்டைகளுக்குப் பஸ் விடுவதும், நகர மையத்துக்கு விரைவு பஸ்கள் விடுவதும் அதில் அடக்கம்.