கொறங்காட்டில் ஒரு சத்தம்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம், ஆடுமாடு மேய்கிற எங்கள் கொறங்காட்டில் இருட்டியதும் ஒரு பறவை கத்துகிறது. 'சக், சக், சக்' என்று தொடங்கி, வேகமெடுத்து, 'ட்ர்ர்ர்' என்று அடங்குகிறது. போனில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டேன். உடனே பக்கத்தில் வந்து கத்தியது. டார்ச்சோடு காடு முழுக்கத் தேடியும் ஆள் சிக்கவில்லை. என்ன பறவை அது? வீட்டருகே கத்தினால் ஆகாது என்கிறார் அம்மா. படமெடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம்? அடுத்த மாதம் கிளுவைச் செடி உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடுகிறோம். அதற்குள் பார்த்துவிட ஆசை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது பக்கி, ஆங்கிலத்தில் நைட்ஜார் என்கிற இரவுப் பறவை. லென்ஸைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அம்மாவிடம் நான் வாதாடப் போவதில்லை. பூச்சி தின்று பிழைக்கிற ஜீவன் அது, யார் வீட்டுச் சேதியும் அதற்குத் தெரியாது.

உறைந்த குளத்தின்மேல் வழுக்கி ஓடும் கல்லின் ஓசை என்று இந்தக் குரலைப் பறவை நூல்களில் எழுதுவார்கள். காங்கேயத்தில் குளத்தில் தண்ணீர் நின்றாலே பெரிசு. சிமெண்டுத் தரையில் போட்ட கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குமே, நமக்கு அது போதும்.

ஆனால் அந்த ஸ்பீக்கர்! படித்ததும் கோபம் வந்தது. அது உங்களைப் பார்க்கவா வந்தது? தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்தது. வராத எதிரியோடு ராத்திரியெல்லாம் மல்லுக்கு நின்றால் அது எப்போது இரை தேடும்? பக்கி கூடு கட்டாது தம்பி. வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பகலிலேயே சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஏறக்குறைய மிதிக்கப் போகும்போதுதான் எழும். டார்ச்சை மரத்துக்கு மரம் அடித்துக்கொண்டு நடந்தீர்களே, காலடியில் என்ன இருந்தது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? இனி அந்தப் பதிவைப் போடாதீர்கள். நண்பர்களுக்கும் அனுப்பாதீர்கள்.

எங்கள் அப்பாரு ஆட்டுப்பட்டிக்குக் காவல் படுப்பார். ஆட்காட்டிக் குருவி கத்தினால் கட்டிலில் கிடந்தபடியே "நாயிடா" என்பார். இன்னொரு விதமாகக் கத்தினால் "ஆளு வர்றான்". பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பக்கி கத்திக்கொண்டிருக்கும்வரை நன்றாகத் தூங்குவார். சட்டென்று நின்றால்தான் எழுந்து உட்கார்ந்து கம்பைத் தேடுவார். அந்தப் பறவையின் நிறம் என்ன என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா, சந்தேகம்தான். அதற்காக அவருக்குப் பக்கியைத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? இப்போது படம் இல்லாவிட்டால் பறவையே கணக்கில் சேராது என்றாகிவிட்டது. குரலை வைத்துப் பெயர் தெரிந்தாயிற்று அல்லவா, அதைக் குறிப்பேட்டில் தைரியமாக எழுதுங்கள்.

பார்த்தே ஆகவேண்டும் என்றால், இருட்டியபின் மண்ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ஹெட்லைட்டில் தரையோடு தரையாக இரண்டு கண்கள் சிவப்பாக மின்னும். கிட்டே போனால் சத்தமில்லாமல் எழுந்து பறக்கும். வண்டியை விட்டு இறங்கவேண்டாம்.

கிளுவையை எடுக்கப் போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதற்காக எடுக்கிறீர்கள், யார் சொன்னது என்று விவரமாக எழுதுங்கள். ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் எழுதுங்கள்.