முதல் பெஞ்சுக்காரர்களின் பள்ளிக்கூடம்

அன்புள்ள அக்கா,

நான் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 2,300 பிள்ளைகள், இரண்டு பி.இ.டி. டீச்சர்கள். என் பிளஸ் டூ வகுப்பில் ஒரு பெண் 400 மீட்டர் ஓடுகிறாள். இந்த வருடம் மாநிலப் போட்டிவரை போய்வந்தாள். அரையாண்டில் இயற்பியல் 70-க்கு 24, கணக்கு 90-க்கு 38. மார்ச் முடியும்வரை அவளை மைதானத்துப் பக்கமே விடக்கூடாது என்கிறார் ஹெச்.எம். அவளோ கேட்கமாட்டேன் என்று அழுகிறாள். எல்லாரும் மாரியப்பன் ஆகிவிட முடியுமா? படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துக் கொண்டுபோவதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? (பி.டி. பீரியடை நாங்கள் எடுத்துக்கொள்வது உண்மைதான். சிலபஸ் முடியவேண்டுமே.)

*

அன்புள்ள டீச்சர்,

கடைசியில் அடைப்புக்குறி போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். அந்த விஷயம் கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மாரியப்பனை விட்டுவிடுவோம். எல்லாரும் மாரியப்பன் ஆக முடியாது, சரி. எல்லாரும் கலெக்டர் ஆகவும் முடியாது, அதற்காக யாரும் கணக்குப் பாடத்தை நிறுத்திவைப்பதில்லை. ரியோ பாராலிம்பிக்கில் அவர் தாண்டிய 1.89 மீட்டர்தான் நமக்கு நினைவிருக்கிறது. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பையனை பெரியவடகம்பட்டியில் உயரம் தாண்டச் சொல்லிப் பார்த்தவர் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். அப்படி ஒருவர் பார்ப்பதற்கு முதலில் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கவேண்டும் இல்லையா?

இப்போது என் கதை. கொஞ்சம் வெட்கக்கேடானது.

ஒன்பதாம் வகுப்பில் நான் லீடர். படித்தது உங்கள் பள்ளி மாதிரியே பெரிய அரசுப் பள்ளி. வியாழக்கிழமை கடைசி பீரியட் பி.டி. மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "டீச்சர், கடைசி பீரியட் சும்மாதான் இருக்கு, வர்றீங்களா?" என்று கணக்கு டீச்சரைக் கூப்பிடுவேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்குக் கணக்கு பிடிக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். பிடிக்கும்தான், ஆனால் அதற்காகப் போகவில்லை. மைதானத்தில் இரண்டு பேர் ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நிற்கிறவள் நான். "இவளை நீயே வச்சுக்கோ" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் தள்ளிவிடுவாள். கோ-கோவில் முதுகில் ‘கோ’ விழுந்ததும் எழுந்து ஒரு பக்கமாக ஓடவேண்டும், புறப்பட்டபின் திரும்பி வரக்கூடாது. நான் ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம்தான் போவேன், விசில் அடிப்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க நாற்பத்தைந்து பேருடைய பீரியடையும் தூக்கிக் கொடுத்தேன்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள், நாங்கள் அவளை நெட்டை என்போம். ஸ்லிப் டெஸ்டில் இரண்டு, மூன்று என்று வாங்குவாள், பாதி நாள் வாசலில்தான் நிற்பாள். அவளே கோ-கோவில் கம்பத்தைச் சுற்றி வளைந்தால் ஒன்பது பேர் சேர்ந்தாலும் தொடமுடியாது. கிட்டே வரவிட்டு, ஒரு சின்ன இடுப்பு வெட்டு, அவ்வளவுதான், துரத்தியவள் மண்ணில் கிடப்பாள். ஒரு வியாழக்கிழமை ஸ்டாஃப் ரூமிலிருந்து திரும்பி வரும்போது வராண்டாவில் என்னை மறித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "உனக்கு வாரம் பூரா எல்லா பீரியடும் இருக்கு. எனக்கு ரெண்டே ரெண்டுதான்டி" என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டாள்.

டீச்சர், இத்தனை வருடம் கழித்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நம் பள்ளிக்கூடங்களை நடத்துகிறவர்கள் எல்லாரும் பழைய முதல் பெஞ்சுக்காரர்கள். நீங்கள், உங்கள் ஹெச்.எம்., அவரைக் கேள்வி கேட்கிற அதிகாரி, பாடப்புத்தகம் எழுதுகிறவர், இதோ இங்கே உட்கார்ந்து உபதேசம் செய்கிற நான். நம்மில் பலரை ஆள் பிரிக்கும்போது கடைசியாகத்தான் எடுத்திருப்பார்கள். மைதானம் நமக்குச் சும்மா இருக்கிற இடம். சிலபஸ் என்கிறீர்கள். பி.டி. பீரியடை ஜனவரியில் மட்டுமா எடுத்தீர்கள்? ஜூலையிலேயே எடுத்திருப்பீர்கள். ஜூலையில் எந்த சிலபஸ் முடியவேண்டியிருந்தது? விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி மேடையிலேயே இந்த பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் வாய்விட்டுக் கேட்கவேண்டிய அளவுக்கு இது நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

ஹெச்.எம். மேல் எனக்குக் கோபம் இல்லை. 2017-இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள், தேர்ச்சி சதவீதம் நிற்கவில்லை. மீட்டிங்கில் அதைத்தான் கேட்பார்கள், ஒரு பெண் 400 மீட்டர் ஓடுகிறாளா என்று கேட்கமாட்டார்கள். அவர் வாயை அடைக்கவேண்டும் என்றால் பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பொய் இல்லை. ஆனாலும் கோட்டாவைக் காட்டித்தான் ஒரு பெண் ஓட அனுமதி வாங்கவேண்டும் என்பது எனக்குக் கசக்கிறது.

படிப்பா விளையாட்டா என்று கேட்டீர்கள் இல்லையா, மறந்தே போனேன். அவளுக்குப் புரியவைக்க ஒன்றும் இல்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் ஒரு மணி நேரம் ஓடட்டும், மீதி நாள் முழுக்க உங்களிடம்தானே இருக்கப்போகிறாள். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், கூலி வேலை செய்து பேத்தியை வளர்த்த பாட்டியிடம் போய்ப் பேசித்தான் சம்மதிக்கவைத்தார். அந்தப் பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடியது அப்புறம் நடந்த கதை. நீங்களும் பேசவேண்டியது ஹெச்.எம்.மிடமும் அவள் வீட்டிலும்தான்.

இன்னொன்று. மாநிலப் போட்டிக்குப் போன நாட்களுக்கு அவளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டிருப்பீர்கள், அட்டெண்டன்ஸ் சரியாகிவிட்டது. அந்த நாட்களில் நடந்த பாடத்தை அவளுக்கு யார் நடத்தினார்கள்? 70-க்கு 24 என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்காதா? வருடம் பூராவும் அவளிடமிருந்து எடுத்த பீரியடில் ஒரு நாலைந்தை அவளுக்கு மட்டும் திருப்பிக் கொடுங்கள், ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் உட்காரவைத்து. மார்க் குறைந்த பிள்ளைக்காக உட்கார்ந்து கடிதம் எழுதுகிற டீச்சர் நீங்கள், இதைச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இயற்பியல் மார்க் இருக்கிறது, கணக்கு மார்க் இருக்கிறது, எத்தனைக்கு எத்தனை என்று சுத்தமாக. 400 மீட்டரை அவள் எத்தனை விநாடியில் ஓடுகிறாள்? கேட்டு எழுதுங்கள்.