நன்றாகப் பேச வருமா என்பதல்ல கேள்வி

வணக்கம் ஐயா.

மக்கள் தொடர்புத் துறையில் (பி.ஆர்.) சேர ஆசைப்படும் மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் தனியாகக் கேட்டீர்கள்: "நாலு பேரிடம் சிரித்துப் பேசுகிற வேலைக்கு எதற்கு சார் ஒரு பட்டம்?" அடுத்தவர் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதனால்தான் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

மக்கள் தொடர்பு என்றதும் பலருக்கும், இஸ்திரி கலையாத உடையோடு வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் ஆள்தான் கண்ணில் வருகிறார். உங்கள் மகளின் மனதில் இருப்பதும் ஏறக்குறைய அதே படம்தான். ஏன் இந்தத் துறை என்று கேட்டதற்கு, "எனக்கு நல்லாப் பேச வரும் சார்" என்றாள். இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும். சேர்ந்த புதிதில் இந்த வேலையில் வாய்க்கு அவ்வளவு வேலை கிடையாது. காலையில் வந்ததும், தன் நிறுவனத்தைப் பற்றியும் போட்டியாளர்களைப் பற்றியும் எங்கே என்ன வந்திருக்கிறது என்று தேடித் தொகுக்க வேண்டும். அப்புறம் பத்திரிகைகளுக்கு அனுப்பும் அறிக்கையான செய்திக்குறிப்பு, நிருபர்களின் பட்டியல், தலைவர் பேசப்போகும் உரை, நிருபர்கள் கேட்கக்கூடிய சங்கடமான கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். எழுதிய ஒரு பத்தி நாலைந்து மேசைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். சட்டப்பிரிவு ஒரு சொல்லை வெட்டியிருக்கும், விற்பனைப்பிரிவு மூன்று சொற்களைச் சேர்த்திருக்கும். முகம் சுளிக்காமல் மறுபடி எழுத வேண்டும்.

விளம்பரத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விளம்பரம் என்றால் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம், நாம் சொல்வது அப்படியே வரும். மக்கள் தொடர்பில் இடம் நம்முடையது இல்லை. போடுவதா வேண்டாமா என்பது பத்திரிகை ஆசிரியர் கையில். ஆகவே அதில் செய்தி இருந்தே தீர வேண்டும்.

முன்பு ஒரு மாணவனிடம் பயிற்சிக்காக ஒரு செய்திக்குறிப்பு எழுதச் சொன்னேன். ஒரு நூலகம் இனி இரவு 10 மணி வரை திறந்திருக்கும், அவ்வளவுதான் விஷயம். அவன் "பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஆரம்பித்தான். இரண்டாம் பத்தியில் நூலகத்தின் வரலாறு, மூன்றாம் பத்தியில் தலைவருக்குப் புகழாரம். இரவு 10 மணி நாலாம் பத்தியின் கடைசி வரியில் பதுங்கிக் கிடந்தது. நாள் முழுக்க மின்னஞ்சல்களில் மூழ்கியிருக்கும் நிருபர் முதல் இரண்டு வரியைத் தாண்டமாட்டார். மேலே இருந்த மூன்று பத்திகளையும் அடித்துவிட்டுத் தாளை அவனிடம் நீட்டினேன். வாடிப் போனான், ஆனால் மறுநாள் நாலே வரியில் எழுதிக்கொண்டு வந்தான். பிழைத்துக்கொள்வான் என்று அப்போதே தெரிந்தது.

உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். "கடைசியில் பொய் சொல்கிற வேலைதானே?" என்றீர்கள். நியாயமான பயம்தான். இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ், 1929இல் ஒரு சிகரெட் நிறுவனத்துக்காக நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைப் புகைபிடித்தபடி நடக்க வைத்தார். அதைப் பெண்விடுதலையின் தீப்பந்தம் என்றே உலகம் பேசும்படி செய்தார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. அதை என் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். அண்மைக் காலத்தில் பெல் பாட்டிங்கர் என்ற பெரிய பிரிட்டிஷ் நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் இனப்பகையைத் தூண்டும் பிரசாரம் செய்ததாகச் சொந்தத் தொழில் அமைப்பாலேயே 2017இல் வெளியேற்றப்பட்டது. சில நாட்களிலேயே நொடித்தும் போனது.

மறுபக்கமும் உண்டு. 1906இல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் ரயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகர் ஐவி லீ, நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார், விபத்து நடந்த இடத்துக்கே அவர்களை வரவழைத்தார். இன்றைய செய்திக்குறிப்பின் தொடக்கம் இது என்று பலர் சொல்கிறார்கள். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் மக்களை எச்சரித்தது, சுமார் 3 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு மீண்டும் கடைக்கு வந்தது. வகுப்பறைகளில் இன்றும் இதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பெயரைக் காப்பாற்றியது மாத்திரையைத் திரும்பப் பெற்ற முடிவு. நல்ல முடிவு எடுக்காத நிறுவனத்துக்கு எந்தக் கொம்பனாலும் நல்ல அறிக்கை எழுத முடியாது. இந்தத் தொழிலில் உண்மையான சோதனை நிருபரிடம் பேசுவதில் இல்லை. மேலதிகாரியின் அறைக்குள் போய், "இதை இப்படிச் சொன்னால் நம்பமாட்டார்கள், சொல்லக் கூடாது" என்று சொல்வதில்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்தத் துணிவு இருக்கிறதா? உங்களிடமே எதிர்த்துப் பேசுகிறாள் என்று குறைப்பட்டீர்களே, அதை நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

படிப்பு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமானது. இளநிலையிலேயே மக்கள் தொடர்பு என்று பெயர் போட்ட பட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. பொருளாதாரம், உயிரியல், சட்டம் என்று ஏதாவது ஒன்றை உருப்படியாகப் படித்துவிட்டு, முதுநிலையில் இதழியலோ தொடர்பியலோ எடுத்தவர்களுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. மருத்துவமனைக்கு எழுதுகிறவருக்கு நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால், டாக்டர் சொல்வதில் எது செய்தி என்று சட்டென்று பிடிபடும். இல்லை, இளநிலையிலேயே இதுதான் வேண்டும் என்றால் கல்லூரியின் பளபளப்பான கையேட்டை ஓரமாக வையுங்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். செய்தி எழுதும் பயிற்சி, ஊடகச் சட்டம், புள்ளியியல், கட்டாய இன்டர்ன்ஷிப், இந்த நாலும் இல்லாவிட்டால் வேறு கல்லூரி பார்க்கலாம். புள்ளியியல் எதற்கு என்று மகள் முனகுவாள். இத்தனை பத்திரிகையில் வந்தது, அது இவ்வளவு விளம்பரக் காசுக்குச் சமம் என்று கணக்குக் காட்டிய காலம் போய்விட்டது. 2010இல் இந்தத் துறையினர் கூடி வகுத்த பார்சிலோனா கோட்பாடுகளே அந்தக் கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டன. மக்களின் எண்ணத்தில் என்ன மாறியது என்று இப்போது அளந்து காட்ட வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், ஆரம்பத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பல நிறுவனங்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கும் ஏஜென்சியில் சேர்ந்தால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கிளையண்ட்கள், சிக்கல் வந்தால் ராத்திரி, ஞாயிறு என்றெல்லாம் பார்க்க முடியாது, ஆனால் வேலையை வேகமாகக் கற்றுக்கொள்ளலாம். நிறுவனத்துக்குள்ளேயே சேர்ந்தால் நிதானம் கிடைக்கும், ஒரே துறையை ஆழமாகத் தெரிந்துகொள்ளலாம். முதலில் இரண்டு வருடமாவது ஏஜென்சி என்பேன். செய்திக்குறிப்பைத்தான் இப்போது கணினியே எழுதிவிடுகிறதே என்று கேட்பீர்கள். எழுதுகிறது, "பெருமகிழ்ச்சியுடன்" என்றே ஆரம்பிக்கிறது. எதைச் சொல்வது, எதை இன்றைக்குச் சொல்லக் கூடாது என்பதை ஒரு ஆள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கல்லூரி விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவள் பள்ளியில் அண்மையில் நடந்த, கொஞ்சம் சொதப்பிய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம், நிருபருக்கு ஒரு செய்திக்குறிப்பு, கோபமாக இருக்கும் ஒரு மாணவனுக்கு ஒரு பதில், மூன்றையும் தலா 150 சொற்களுக்குள் எழுதட்டும். மூன்றிலும் ஒரே உண்மை இருக்க வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது. நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது அந்த மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு அவளே உள்ளே வரட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்.