பிளஷ் டேங்க் ஒழுகுகிறதா? டேங்கை மாற்றாதீர்கள், வாசரைப் பாருங்கள்

கேள்வி: பல்லடம் பக்கமுங்க எங்க ஊரு. வீடு கட்டி ஆறு வருசம் ஆச்சுங்க. வெஸ்டர்ன் டாய்லெட்டுல பிளஷ் பண்ணாமயே தண்ணி ஓடிட்டே இருக்குது. மேல் டேங்க் ரெண்டு நாளைக்கு ஒருக்கா காலியாயிருது. பிளம்பர் பாத்துட்டு, 'டேங்கே போச்சுங்க, முழுசா மாத்தோணும், கூலியோட 5,500 ஆகும்'ங்கறாரு. மாத்திறலாமுங்களா?

பதில்: மாத்த வேண்டாமுங்க அம்மா. டேங்கில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் தரையில் ஒழுகும், பீங்கானுக்குள் ஓடாது. உங்கள் வீட்டில் பீங்கானுக்குள் ஓடுகிறது. அப்படியென்றால் டேங்க் நன்றாகவே இருக்கிறது. உள்ளே தண்ணீரை விடும் மிதவை வால்வோ, அடியில் அடைக்கும் ரப்பர் வாசரோ, இரண்டில் ஒன்று சரியாக மூடவில்லை, அவ்வளவுதான்.

எது என்று கண்டுபிடிக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. டேங்கின் மூடியைத் திறந்தால் நடுவில் மேல்நோக்கி ஒரு குழாய் நிற்கும். அதன் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்தால் மிதவை வால்வில் கோளாறு. வாய்க்குக் கீழேயே தண்ணீர் நின்றும் பீங்கானில் ஒழுகினால் வாசரில் கோளாறு. பார்த்தும் புரியவில்லையா? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை அடைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்தில் டேங்கின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். விடியும்வரை யாரும் பிளஷ் செய்யக் கூடாது. காலையில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் வாசர். கோட்டிலேயே நின்றால் மிதவை வால்வு.

நம் பக்கம் பெரும்பாலும் வாசர்தான். பல்லடம், திருப்பூர், அவிநாசி வட்டாரத்தில் ஆயிரம் அடி போர் சாதாரணம். அந்த உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்குதான் வாசரின் மேலும் அது உட்காரும் விளிம்பிலும் படிகிறது. கொஞ்சம் படிந்தாலே இடைவெளி விழுந்துவிடும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 360 லிட்டர். நல்ல தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற ஊர்களில், போரிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றும் தண்ணீர் இப்படிச் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரிசெய்யும் முறை இதுதான். ஆங்கிள் வால்வை அடைத்து, பிளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். நடுக்குழாயோடு சேர்ந்திருக்கும் பிளஷ் வால்வைப் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலான மாடல்களில் கையோடு வந்துவிடும். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையம்தான் வாசர். கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்தால் திருப்பிப் போடுங்கள். டேங்கின் அடியில் அது உட்காரும் விளிம்பையும் வினிகர் நனைத்த துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருக்கக் கூடாது. கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்துவிட்டால் புது வாசர் போட்டாலும் அடைக்காது. ஆசிட் ஊற்றச் சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரையும் ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

ரப்பர் விறைத்தோ ஊதியோ போயிருந்தால் புதியது வாங்க வேண்டும். இங்கேதான் ஏமாற்று வேலை ஆரம்பிக்கிறது. வாசர் மட்டும் விற்றால் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? 'தனியா வராதுங்க, செட்டாத்தான் வரும்' என்பார். முழு டேங்கை வாங்க வைத்தால் அழைத்து வந்த பிளம்பருக்குக் கடையில் கமிஷன் உண்டு. எல்லாரும் அப்படி இல்லை, நேர்மையான கைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் 'டேங்கே போச்சு' என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கழற்றிய வாசரை நீங்களே எடுத்துக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்கு ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள். ஒரே வேலை செய்கிற ஒரு ரப்பர் வளையத்துக்குப் பொது அளவு வைக்க இத்தனை வருசமாக யாருக்கும் தோன்றவில்லை. வீடு கட்டிக் கொடுத்த எஞ்சினியராவது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதுவும் நடப்பதில்லை.

உங்கள் டேங்க் சுவருக்குள் புதைத்த கன்சீல்டு டேங்காக இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'டைல்ஸை உடைக்கணும்' என்று சொல்லி இருபதாயிரம், முப்பதாயிரம் என மேஸ்திரி வேலைவரை கொண்டுபோய்விடுவார்கள். உடைக்க வேண்டியதில்லை. நீங்கள் அழுத்துகிற பட்டன் தகடு சும்மா அழகுக்கு இல்லை, ரிப்பேர் பார்க்கும் வழியே அதுதான். சில மாடல்களில் மேலே தள்ளினால் கழன்று வரும், சிலவற்றில் முன்னே இழுக்க வேண்டும், சிலவற்றில் ஸ்குரூ இருக்கும். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். தகடு உடைந்தால் அதே மாடல் தேடி அலைய வேண்டியிருக்கும். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பை எடுத்தால், தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வு உள்ளேயே இருக்கும். மிதவை வால்வும் பிளஷ் வால்வும் அந்தச் சந்து வழியாகவே வெளியே வரும்படிதான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் தகட்டின் பின்பக்கமோ டேங்கின் உள்பக்கமோ பெரும்பாலும் அச்சடித்திருக்கும். பெயர் தெரிந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆளையே கூப்பிடலாம்.

மிதவை வால்வுதான் கோளாறு என்றால், தண்ணீர் மட்டம் நடுக்குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையை இறக்கி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆங்கிள் வால்வை அடைத்துவிட்டு, மிதவை வால்வுக்குள் அடைக்கும் ரப்பரையும் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் வலையையும் கழற்றிக் கழுவுங்கள். மேல் டேங்கின் அடி வண்டல் அங்கேதான் வந்து சேரும். வழிகிற நடுக்குழாயை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பிறகு தண்ணீர் டேங்குக்கு வெளியே வழிந்து பாத்ரூம் முழுக்க நிற்கும்.

உப்புத் தண்ணீர் வீட்டில் வாசரை வருசத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். புதியது வாங்கும்போது இரண்டாக வாங்கி ஒன்றை எடுத்து வையுங்கள், அடுத்த முறை கடையில் அதே மாடல் இருக்கும் என்று சொல்ல முடியாது.