படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறது

கேள்வி: எனக்கு வயது 52. உள்காதில் மின்முனை பொருத்திக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பேச்சு நன்றாகவே கேட்கிறது. ஆனால் படுக்கையில் வலப்புறம் புரண்டால் அறையே சுற்றுகிறது, சில விநாடிகளில் நின்றுவிடுகிறது. இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தே கிடக்கிறேன். சிகிச்சை தவறிவிட்டதா?

பதில்: சகோதரி, பேச்சு கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கருவி தன் வேலையைச் செய்கிறது. பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன, உள்ளே ஓடும் திரவமும் இரண்டுக்கும் பொதுதான். மின்முனையை உள்ளே செலுத்தும்போது பக்கத்து உறுப்பும் கலங்கிவிடலாம். பெரும்பாலோருக்கு இது சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தொல்லைகள் என்று தோன்றுகிறது. புரளும்போது விநாடிக்கணக்கில் வரும் சுற்றலுக்கு, காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து சமநிலை உறுப்பின் அரைவட்டக் குழாயில் புகுந்தது காரணமாக இருக்கலாம். இதை மாத்திரை தீர்க்காது. மருத்துவர் பரிசோதித்து உறுதி செய்தால், தலையை வரிசையாகத் திருப்பி அந்தத் துகள்களை வெளியேற்றும் எப்லி முறையைச் செய்வார். அப்போது வெளியே மாட்டியிருக்கும் காதுக்கருவி கழன்று விழலாம், அவர் சொல்வது கேட்காமல் போகும். எந்தப் பக்கம், எப்போது திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டுத் தள்ளாட்டம் வேறு. காது தரும் தகவல் குறைந்ததால் கண்ணையும் பாதத்தையும் நம்பி நடக்கிறீர்கள். விளக்கு அணைந்தால் கண்ணின் துணையும் போய்விடுகிறது. இதற்கு அசைவுதான் மருந்து. கையை நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். பார்வை விரலைவிட்டு நகராமல் தலையை மட்டும் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு ஒருவர் அருகில் இருக்க நின்றபடி. லேசாகக் கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பிலிருந்துதான் மூளை பழகிக்கொள்கிறது. படுத்தே கிடந்தால், மாத்திரையையும் நீட்டித்தால், அது பழகத் தாமதமாகும். மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. இரவு விளக்கு எரியட்டும். தனியாக நீந்தப் போகாதீர்கள்.

காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகல், முகம் கோணுதல், இருமினாலோ முக்கினாலோ தலை சுற்றுதல்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.