கதை திரும்பி வந்தால்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் இருந்து கதை எழுதுகிறேன், ஒரு சிற்றிதழுக்குக் கதை தெரிவுசெய்தும் கொடுக்கிறேன். கேளுங்கள், பெயருக்குப் பதில் ஊர் போதும். கவிதை மட்டும் வேண்டாம்.

மாங்குளம்: அனுப்புவதெல்லாம் திரும்புது அண்ணை. விட்டுவிடவா? ஒரு கதையை இணைத்திருக்கிறேன்.

திரும்புகிறதா, பதிலே இல்லையா? இரண்டும் வேறு தங்கச்சி. நம் சிற்றிதழ்கள் பல ஒரே ஆளின் கைக்காசில் நடப்பவை. மூன்று மாதம் பாருங்கள், ஒரு வரி விசாரியுங்கள், அப்புறம் அடுத்த இதழ். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ‘நல்லது, ஆனால் நீளம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் குறைத்து அவருக்கே அனுப்புங்கள்.

கதையை வாசித்தேன். இரண்டு பக்கத்துக்கு இரணைமடுக் குளமும் அந்திச் சிவப்பும். மூன்றாம் பக்கத்தில்தான் சிறுபோக வயலின் தண்ணீர் முறைக்காக அண்ணனும் தம்பியும் நடுச்சாமத்தில் வாய்க்காலில் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே தொடங்குங்கள். தெரிவுசெய்பவர் மூன்றாம் பக்கம் வரை வரமாட்டார்.

பரந்தன்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்பலாமா?

வேண்டாம். யூனிகோட்.

ஒட்டுசுட்டான்: ‘வன்னிப் பேச்சு விளங்கவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். மாற்றவா?

மாற்றாதீர்கள். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் தண்ணிமுறிப்புக் காட்டோரத்துச் சனத்தின் கதை. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது, சாகித்தியப் பரிசும் கிடைத்தது. வேறு இதழுக்கு அனுப்புங்கள்.

துணுக்காய்: அது அந்தக் காலம். அந்த நாவலுக்கு ஒரு பத்திரிகையே துணைநின்றது. இப்ப பொதுத்தமிழில் எழுதினால்தான் தமிழகத்திலும் எடுப்பார்கள். நான் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சை நாங்கள் இங்கிருந்து வாசித்து விளங்கவில்லையா? எங்கள் பேச்சு மட்டும் அவர்களுக்கு எப்படி விளங்காமல் போகும்?

ஒட்டுசுட்டான்: அதைத்தான் நானும் கேட்கிறேன்!

துணுக்காய்: கி.ரா.வுக்குப் பெயர் இருந்தது. எனக்கு?

அவருக்கு அந்தப் பேச்சால்தான் பெயரே வந்தது. சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: கதைசொல்லியும் முழுக்கப் பேச்சுத்தமிழில் இழுத்தால் ஊர்க்காரனுக்கே களைக்கும். உரையாடலில் பேச்சு, மற்றதில் எளிய எழுத்துத்தமிழ். அடைப்புக்குறிக்குள் பொருள் போடாதீர்கள்.

நெடுங்கேணி: சொந்தக் காசில் 300 பிரதி போடவா ஐயா?

கடன் பட்டென்றால் வேண்டவே வேண்டாம். வெளியீட்டு விழாவில் சொந்தக்காரர் உறையில் காசு வைத்து வாங்குவார்கள். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலில் இருந்தபடி எழுதியவர். 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கி, கையில் கொண்டுபோய் விற்றார். அப்படி விற்கக் கூச்சமில்லை என்றால் போடுங்கள்.

முல்லைத்தீவு: எந்த எழுத்துரு?

மேலே பாருங்கள்.

விசுவமடு: கவிதைத் தொகுப்பு...

வேண்டாம் என்றேனே தம்பி.

பூநகரி: புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எண் எங்கே எடுப்பது? ஒரே கதையை இரண்டு இதழுக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

கொழும்பில், தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. இரண்டாவதற்கு: இரண்டிலும் ஒரே மாதம் அச்சாகும்போது எல்லாருக்கும் தெரியும். பிறகு இரண்டு கதவும் பூட்டு.

துணுக்காய்: மாற்றாத பழைய பிரதி ஒன்று கிடக்கிறது. பார்ப்பீர்களா?

அனுப்புங்கள். திருத்தியதையும் சேர்த்து.