பழைய பரலல் போர்ட் ஸ்கானர் லினக்ஸில் இயங்குமா? யூஎஸ்பி மாற்றி வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கனடாவிலிருந்து வந்த சாமான்களோடு கெனன் நிறுவனத்தின் கெனோஸ்கான் என்640பி என்ற பழைய ஸ்கானர் ஒன்று கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட மடிக்கணினி. ஸ்கானரைச் செருகப் பரலல் போர்ட் (முன்பு பிரிண்டர் மாட்டிய அகலமான செருகுதுளை) வேண்டும், அது மடிக்கணினியில் இல்லை. ஊரிலுள்ள பழைய கல்வெட்டுகளை, அதாவது இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறு புத்தகங்களை, பிரதியெடுத்து வைக்க வேண்டும்.

ஸ்கானர் இயங்கும். ஆனால் யூஎஸ்பி மாற்றிக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் மாற்றிகள் அநேகமாக எல்லாமே பிரிண்டருக்காகச் செய்யப்பட்டவை. கணினியில் செருகியதும் ‘நான் ஒரு பிரிண்டர்’ என்றுதான் அவை அறிமுகமாகும். அச்சிட வேண்டியதை வாங்கி அனுப்புவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். பரலல் போர்ட் ஸ்கானரின் இயக்கியோ (கருவியோடு பேசும் நிரல்) போர்ட்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கம்பியையும் தானே ஏற்றி இறக்கிப் பேசுவது. அந்த வசதி இந்த மாற்றிகளில் இல்லை.

ஆகவே பரலல் போர்ட் தாய்ப்பலகையிலேயே உள்ள ஒரு பழைய மேசைக்கணினியைத் தேடி, அதில் லினக்ஸ் போடுங்கள். யாரோ ஒருவர் வீட்டில் தூசி படிந்து கிடக்கும். இல்லாவிட்டால் யாழ் நகரில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். கணினிக்குள் பரலல் போர்ட் உள்ள பிசிஐ அட்டை செருகியும் பார்க்கலாம், ஆனால் தாய்ப்பலகையில் உள்ள போர்ட்டே நம்பிக்கையானது. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சென்று போர்ட்டை ஈபிபி அல்லது ஈசிபி என்ற வேகமான முறையில் வையுங்கள். வெறும் எஸ்பிபி என்ற பழைய முறையில் விட்டால் ஒரு பக்கம் வந்து சேரும்வரை பொறுமை போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால், ஸ்கானரின் மின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 120 மட்டும் அச்சிட்டிருந்தால் இங்குள்ள பிளக்கில் நேரடியாகச் செருகவே கூடாது; புகைந்துவிடும். ஸ்கானரின் கீழே தலைப்பகுதியைப் பூட்டும் சிறிய விசை இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

இனி லினக்ஸ். ஸ்கானர்களைக் கவனிப்பது சேன் என்ற தொகுப்பு. உங்கள் கருவிக்கு அதில் ‘கெனன்_பிபி’ என்ற பின்தளம், அதாவது இயக்கி, இருக்கிறது; கெனனின் எஃப்பி330பி, எஃப்பி630பி, என்340பி ஆகிய ஸ்கானர்களுக்கும் அதுவே. (யுமாக்ஸ், மஸ்டெக், பிளஸ்டெக் ஸ்கானர் வைத்திருப்போருக்கும் இதே வகையில் தனித்தனிப் பின்தளங்கள் உண்டு.) சேனின் அமைப்புக் கோப்புகள் உள்ள அடைவில் ‘டிஎல்எல்’ கோப்பைத் திறந்து, கெனன்_பிபி வரியின் முன்னால் ‘#’ குறி இருந்தால் நீக்குங்கள். பிறகு ‘பிபிடெவ்’ என்ற கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கூறை ஏற்றுங்கள். பரலல் போர்ட்டை நிரல்களுக்குத் திறந்துவிடுவது அதுதான். உங்கள் பயனர் கணக்கை ‘எல்பி’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ரூட் என்ற நிர்வாகக் கணக்கில் ஸ்கானர் தெரிந்து உங்கள் கணக்கில் தெரியாவிட்டால், குறை பெரும்பாலும் இந்தக் குழு அனுமதியில்தான்.

ஸ்கானரைத் தேடும் ‘சேன்-ஃபைண்ட்-ஸ்கானர்’ நிரல் எதுவுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் மனம் தளராதீர்கள். பரலல் போர்ட் ஸ்கானர்களில் பெரும்பாலானவற்றை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ‘ஸ்கான்இமேஜ்’ நிரலிடம் ஸ்கானர்களைப் பட்டியலிடச் சொல்லிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் ஸ்கானரின் மின்சாரத்தைக் கழற்றி மீண்டும் செருகி, 10 விநாடி பொறுத்து முயலுங்கள். மின்சாரம் வந்த உடனே இந்தக் கருவி பதில் சொல்லாது. நடுவில் மின்வெட்டு வந்தாலும் இதே வைத்தியம்தான். ஸ்கானரின் பின்னால் பிரிண்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

முதல் படம் நெடுக்குக் கோடு கோடாக வந்தால் ஸ்கானர் பழுதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அளவுத்திருத்தம் செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். ஸ்கான் செய்யும் எக்ஸ்சேன் நிரலில் அதற்கான ‘கலிப்ரேட்’ பொத்தான் இருக்கும். ஒருமுறை அழுத்தினால் அளவு ஒரு கோப்பில் சேமிக்கப்பட்டு, பிறகும் அதுவே பயன்படும்.

கல்வெட்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடும் அந்த மெல்லிய புத்தகத்தில் தேவாரமும் புலம்பலும் மட்டுமா இருக்கின்றன? வம்சாவளி இருக்கிறது, யார் எந்த ஊரில் மணமுடித்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், எந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்றெல்லாம் இருக்கிறது. வேறெங்கும் அச்சேறாத செய்திகள் அவை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளில் இவை போய்விட்டன. மிஞ்சியதை எடுத்து வைக்க நினைக்கிறீர்களே, அது பெரிய காரியம்.

அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியும் சாம்பல் நிறமும் எழுத்துக்குப் போதும். ஏ4 பக்கம் 9 மெகாபைட்டுக்குள் அடங்கும். நிறத்தோடு எடுத்தால் ஏறக்குறைய 26 ஆகி, இந்தப் போர்ட்டில் மிக மெதுவாக ஊர்ந்து வரும். அட்டையையும் புகைப்படப் பக்கத்தையும் மட்டும் நிறத்தில் எடுங்கள். என்640பி தொடு உணரி வகை. கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாக விழும். துருப்பிடித்த கம்பித் தையலை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டுத் தாள்களைத் தட்டையாக வையுங்கள். ஏட்டுச்சுவடிகளை இதில் வைக்கவே வேண்டாம். வளைந்த ஓலை மங்கலாக விழும், அழுத்தினால் முறிந்துவிடும். அவற்றுக்குக் கமராதான் சரி.

மூலப் பிரதியை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கொடுக்கப் பிடிஎஃப் செய்யுங்கள். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் டெசரக்ட் நிரலுக்குத் தமிழ்த் தரவுப் பொதி உண்டு. தெளிவான அச்சென்றால் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே படிக்கும், பெயர்களை மட்டும் கையால் சரிபாருங்கள். குடும்பத்தார் சம்மதித்தால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களை அவர்கள் சேகரித்து எல்லோரும் வாசிக்க வைக்கிறார்கள்.